வண்டியா, வழித்துணையா? எளிய பெண்களுக்கான மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை: நான்கு வழிகளின் ஒப்பீடு

மருத்துவ வசதி எட்டாத பெண்களுக்காக மார்பகப் புற்றுநோய்த் திட்டம் ஒன்றைத் தொடங்க நினைக்கும் அமைப்பின் முதல் கூட்டத்தில் பெரும்பாலும் நான்கு யோசனைகள் எழும். கூட்டங்கள் நடத்தி விழிப்புணர்வு ஊட்டி, சுயபரிசோதனையைக் கற்றுக்கொடுக்கலாம் என்பது ஒன்று. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்களை அனுப்பி, கையால் தொட்டுப் பரிசோதிக்கச் செய்யலாம் என்பது இரண்டாவது. மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கும் கருவி பொருத்திய வண்டியைப் பெண்கள் வாழும் இடத்துக்கே கொண்டுசெல்லலாம் என்பது மூன்றாவது. ஏற்கெனவே இருக்கும் மருத்துவமனைக்குப் பெண்ணை அழைத்துச் சென்று, நோயா இல்லையா என்பது தெரிந்து, நோய் என்றால் சிகிச்சை முடியும் வரை கூடவே நிற்கும் வழித்துணையாளர்களை நியமிக்கலாம் என்பது நான்காவது. நிதி ஒன்றுக்குத்தான் போதும் என்னும்போது பேச்சு பெரும்பாலும் வண்டியின் பக்கம் சாய்கிறது. வண்டி கண்ணுக்குத் தெரியும். அதன் பக்கவாட்டில் நன்கொடையாளரின் பெயரையும் எழுதலாம். வழித்துணையாளரின் உழைப்பைப் படம்பிடித்துக் காட்டுவது அவ்வளவு எளிதன்று.

எதைத் தேர்வது என்று பார்க்கும் முன், எந்தக் குறையைத் தீர்க்கப் போகிறோம் என்பது தெளிவாக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 6,70,000 பேர் அதனால் இறந்தனர். மனித வளர்ச்சிக் குறியீட்டில் மிக உயர்ந்த நிலையில் உள்ள நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்நோய் கண்டறியப்படுகிறது, 71 பேரில் ஒருவர் இறக்கிறார். குறியீடு தாழ்ந்த நாடுகளிலோ 27 பேரில் ஒருவருக்குத்தான் கண்டறியப்படுகிறது, ஆனால் 48 பேரில் ஒருவர் இறக்கிறார். நோய் குறைவாக இருக்கும் இடத்தில் சாவு அதிகமாக இருக்கிறது என்றால், பெண்கள் தாமதமாக வந்து சேர்கிறார்கள், வந்த பிறகும் சிகிச்சை முழுமையாகக் கிடைப்பதில்லை என்றுதான் பொருள். செல்வச் செழிப்புள்ள நாடுகளுக்குள்ளேயே வறியோரும் காப்பீடு இல்லாதோரும் வாழும் பகுதிகளில் இதே இடைவெளியைச் சிறிய அளவில் காணலாம்.

அதே நிறுவனம் 2021இல் தொடங்கிய உலகளாவிய மார்பகப் புற்றுநோய் முன்னெடுப்பு மூன்று இலக்குகளை வைத்திருக்கிறது. பரவும் தன்மையுள்ள மார்பகப் புற்றுநோய்களில் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை முதல் அல்லது இரண்டாம் கட்டத்திலேயே கண்டறியப்பட வேண்டும். பெண் முதன்முதலில் மருத்துவரிடம் காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் உறுதிசெய்யப்பட வேண்டும். நோயாளிகளில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் பரிந்துரைத்த சிகிச்சையை முழுமையாகப் பெற வேண்டும். எத்தனை பெண்களைப் பரிசோதித்தோம் என்ற எண்ணிக்கை இந்த மூன்றில் எதிலும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆண்டறிக்கைகளில் முதல் பக்கத்தில் அச்சாவதோ அந்த எண்ணிக்கைதான். இக்கட்டுரை நான்கு வழிகளையும் மேற்சொன்ன மூன்று இலக்குகளைக் கொண்டே எடைபோடுகிறது.

விழிப்புணர்வுக் கூட்டத்திலிருந்து தொடங்கலாம். இதற்குச் செலவு மிகக் குறைவு. நம்பிக்கைக்குரிய ஒருவர் பேசினால் கேட்க ஆள் வரும். ஆனால் கூட்டத்தில் எதைக் கற்றுக்கொடுக்கிறோம் என்பதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். மாதந்தோறும் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட முறையில் மார்பகத்தைத் தடவிப் பார்க்கும் சுயபரிசோதனை பல ஆண்டுகளாகப் பரப்பப்பட்டு வந்தது. சீனாவின் ஷாங்காய் நகரத்து நெசவாலைகளில் பணிபுரிந்த 2,66,064 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இதை முறையாகக் கற்றுக்கொடுத்து, நினைவூட்டி, மேற்பார்வையும் செய்த ஆய்வின் இறுதி முடிவு 2002இல் வெளியானது. பத்தாண்டுத் தொடர் கண்காணிப்பில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் கற்றுக்கொண்ட பிரிவில் 135 பேர், மற்றப் பிரிவில் 131 பேர். இறப்பு குறையவில்லை, தீங்கற்ற கட்டிகளுக்காகத் திசுப் பரிசோதனைக்கு உள்ளான பெண்களின் எண்ணிக்கைதான் கற்றுக்கொண்ட பிரிவில் கூடியது.

இதை வைத்து விழிப்புணர்வே வீண் என்று முடிவுகட்டுவது தவறு. சுயபரிசோதனை என்னும் சடங்கு வேறு, தன் மார்பகத்தில் ஏற்பட்ட மாற்றத்தை அடையாளம் கண்டு காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்டும் அறிவு வேறு. பின்னதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டியவை ஏராளம். வலிக்காத கட்டி ஆபத்தில்லாதது என்று எண்ணிப் பல மாதங்கள் பொறுத்திருப்பவர்கள் உண்டு. உண்மையில் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. தோல் குழிவிழுதல், ஆரஞ்சுத் தோல்போல் தடித்துச் சிவத்தல், காம்பு புதிதாக உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர் கசிதல், அக்குளில் நெறிகட்டுதல் ஆகியவையும் அறிகுறிகளே. மறுபுறம், மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும். அச்சத்தை மட்டும் விதைத்தால் பெண்கள் கட்டியை மறைக்கத்தான் செய்வார்கள். கத்தி பட்டால் நோய் பரவிவிடும், இந்நோய் வந்தவர் பிழைப்பதில்லை என்பன போன்ற நம்பிக்கைகளை மருத்துவரின் சொற்பொழிவைவிட, நோயிலிருந்து மீண்ட பெண் ஒருவர் முன்னே வந்து நின்று பேசுவது எளிதில் உடைக்கும். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 1990களின் தொடக்கத்தில் உருவான விட்னஸ் புராஜெக்ட் இதை அடிப்படையாகக் கொண்டே, நோயிலிருந்து மீண்ட ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்களைத் தேவாலயங்களிலும் சமூகக் கூடங்களிலும் பேசவைத்தது. இருந்தும் கல்வியால் மட்டும் நிறைவேறக்கூடியது முதல் இலக்கின் ஒரு பகுதிதான். கேட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போன பெண் அங்கே நான்கு மாதம் அலைக்கழிக்கப்பட்டால், அடுத்த கூட்டத்தில் அவருடைய அனுபவமே எதிர்ப் பிரசாரம் ஆகிவிடும்.

சுகாதாரப் பணியாளர் கையால் செய்யும் பரிசோதனைக்குச் சற்று வலுவான சான்று இருக்கிறது. இந்த ஒப்பீட்டில் மிகவும் ஆழ்ந்து பார்க்க வேண்டியதும் அதுவே. மும்பையின் குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரையுள்ள 1,51,538 பெண்களைக் கொண்டு 1998இல் தொடங்கிய ஆய்வில், சில வாரப் பயிற்சி மட்டுமே பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை, நான்கு சுற்றுகள் பரிசோதித்தனர். 2021இல் வெளியான முடிவின்படி, பரிசோதிக்கப்பட்ட பிரிவில் நோயாளிகளில் 37 விழுக்காட்டினர் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில் இருந்தார்கள். மற்றப் பிரிவில் அது 47 விழுக்காடு. இறப்பு ஒட்டுமொத்தமாக 15 விழுக்காடு குறைந்தது, ஆனால் புள்ளியியல் நோக்கில் அது உறுதியானதாக ஏற்கப்படவில்லை. 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களை மட்டும் பின்னர்ப் பிரித்துப் பார்த்தபோது ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவு தெரிந்தது. வயதுவாரியான அந்தக் கணக்கை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளாவிட்டாலும், எந்த வயதினரிடம் முதலில் செல்வது என்பதற்கு அது நல்ல குறிப்பு.

இனி இதன் மறுபக்கம். கேரளத்தில் 2006இல் தொடங்கிய இதே வகை ஆய்வின் முதல் சுற்றில், பெண்களிடம் உண்மையில் இருந்த புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியைக் கைப் பரிசோதனை பிடித்தது. நோயற்ற பெண்களில் 94.3 விழுக்காட்டினரைச் சரியாக நோயற்றவர் என்றது. கேட்பதற்கு இது நன்றாகவே ஒலிக்கிறது. ஆனால் மீதமுள்ள 5.7 விழுக்காட்டினர் நோய் இல்லாமலே சந்தேகத்துக்கு உரியவர்களாக மேல் பரிசோதனைக்கு அனுப்பப்பட வேண்டியவர்கள். அமைப்பு ஒன்று ஆர்வத்தோடு 5,000 பெண்களைப் பரிசோதிக்கிறது என்று வைத்துக்கொண்டால், இந்த விகிதப்படி சுமார் 285 பேர் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். அந்த மருத்துவமனையின் மார்பகப் பிரிவு வாரத்தில் ஒரு நாள் நடந்து, புதிதாகப் பத்துப் பேரைப் பார்க்கிறது என்றால், கடைசிப் பெண்ணின் முறை வர ஏறத்தாழ 29 வாரம் ஆகும். இந்த வரிசையில் உண்மையாகவே நோயுள்ளவர்கள் ஒரு சிலரே. அவர்கள் வரிசையில் எங்கே நிற்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. கட்டியைத் தானே உணர்ந்து நேராக வந்த பெண்ணும் இப்போது அதே வரிசையின் பின்னால்தான் நிற்பார். அதாவது, சேவை செய்யப் போய், நோயுள்ள பெண்ணின் காத்திருப்பை நாமே நீட்டிவிட்டோம்.

இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டால் பயன்படக்கூடிய ஒரு வரம்பு கிடைக்கிறது. வாரத்துக்குப் பத்துப் பேர் என்றால் 60 நாளில் 85 பேர் வரை பார்க்கலாம்; ஆகவே இரண்டு மாதத்துக்குச் சுமார் 1,500 பெண்களுக்கு மேல் பரிசோதிக்கவே கூடாது. ஏற்கெனவே அங்கு வந்துகொண்டிருக்கும் நோயாளிகளையும் கழித்தால் எண் இன்னும் சுருங்கும். களத்தின் வேகத்தை மருத்துவமனையின் கொள்திறன்தான் தீர்மானிக்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்ளும் அமைப்புக்குக் கைப் பரிசோதனை மிக நல்ல வழி. கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், வீட்டுக்குள்ளேயே பெண்ணே பெண்ணைப் பரிசோதிக்கலாம், பரிசோதிக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் மேற்சொன்ன அறிகுறிகளையும் சொல்லிக்கொடுக்கலாம். பணியாளரின் கைப்பழக்கம் நாளடைவில் மங்கும் என்பதால் மறுபயிற்சிக்கும் மேற்பார்வைக்கும் தொடர்ந்து செலவழிக்க வேண்டியிருக்கும். பல திட்டங்கள் முதலில் வெட்டுவது இந்தச் செலவைத்தான்.

மேமோகிராம் வண்டியைப் பற்றி நேர்மையாகப் பேசுவது சற்றுக் கடினம், ஏனெனில் மேமோகிராம் இறப்பைக் குறைக்கும் என்பதற்கான சான்று நான்கு வழிகளிலும் மிகவும் வலுவானது. பிரிட்டனில் 2012இல் வெளியான சுயேச்சையான மறு ஆய்வுக் குழுவின் அறிக்கை, பரிசோதனைக்கு அழைக்கப்படும் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு 20 விழுக்காடு குறைவதாக மதிப்பிட்டது. 50 வயதில் தொடங்கி இருபது ஆண்டு அழைக்கப்படும் 10,000 பெண்களில் 43 இறப்புகள் தடுக்கப்படுகின்றன என்றும், வாழ்நாளில் தொல்லையே தந்திருக்காத புற்று 129 பேரிடம் கண்டறியப்பட்டுச் சிகிச்சைக்கு உள்ளாகிறது என்றும் அது கணக்கிட்டது. இந்தப் பேரத்தின் இரு பக்கங்களையும் படிப்பறிவு குறைந்த பெண்ணுக்கும் புரியும் மொழியில் சொல்ல வேண்டியது திட்டம் நடத்துபவரின் கடமை. எளியவர் என்பதால் பாதி உண்மை போதும் என்று நினைப்பதற்கு இடமில்லை.

அந்த 20 விழுக்காடு, தொடர்ந்து அழைக்கப்பட்டு, படம் எடுக்கப்பட்டு, அதைத் தேர்ந்த கதிரியக்க மருத்துவர் படித்து, ஐயமிருந்தால் சில வாரங்களில் அல்ட்ராசவுண்டும் திசுப் பரிசோதனையும் செய்து, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையும் பிறவும் கிடைத்த சங்கிலி முழுவதற்கும் உரியது. ஆண்டுக்கு ஒருமுறை வந்து படம் எடுத்துவிட்டுப் போகும் வண்டி அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி மட்டுமே. முதல்முறை படம் எடுக்கும் பெண்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் இராது. அதனால் அவர்களில் கூடுதலானோர் மறுபடியும் அழைக்கப்படுவார்கள். இதுவரை எட்டப்படாத பெண்களைத் தேடிச் செல்லும் வண்டியில் ஏறுபவர்களோ பெரும்பாலும் முதல்முறைக்காரர்கள். இளவயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் படத்தின் திறனும் குறைகிறது. நோயாளிகளில் ஐம்பது வயதுக்குக் குறைந்தவர்கள் அதிகமாக உள்ள சமூகங்களில் இது சிறிய குறையன்று. உலக சுகாதார நிறுவனத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், மருத்துவக் கட்டமைப்பு வலுவாக உள்ள இடங்களில் 50 முதல் 69 வயது வரையுள்ள பெண்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை மேமோகிராமைப் பரிந்துரைத்துவிட்டு, கட்டமைப்பு நலிந்த இடங்களில் அறிகுறி உள்ள பெண்களை விரைந்து கண்டறிந்து சிகிச்சை தருவதற்கே முதலிடம் தருகிறது.

கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை என்று விளம்பரப்படுத்தப்படும் வெப்பப்படக் கருவிகளை மேமோகிராமுக்கு மாற்றாக யாராவது முன்மொழிந்தால் மறுத்துவிடலாம். அவை மாற்றாகா என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பலமுறை எச்சரித்திருக்கிறது.

நான்காவது வழி, நான்கிலும் கவர்ச்சி குறைந்தது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த ஹெரால்டு ஃப்ரீமன், தம்மிடம் வரும் வறிய கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர் நோய் முற்றிய நிலையில் வருவதைக் கண்டு, 1990இல் வழித்துணைத் திட்டத்தைத் தொடங்கினார். அங்கே 1986 வரையிலான 22 ஆண்டு காலத்தில் மார்பகப் புற்றுநோயாளிகளில் 39 விழுக்காட்டினர்தான் ஐந்தாண்டு பிழைத்திருந்தார்கள். 1995 முதல் 2000 வரை சிகிச்சை பெற்றவர்களில் அது 70 விழுக்காடானது. இந்த ஏற்றம் முழுவதும் வழித்துணையால் வந்தது என்று சொல்ல முடியாது. இலவச, குறைந்த கட்டணப் பரிசோதனையும் அதோடு சேர்ந்தே வந்தது, சிகிச்சை முறைகளும் அந்த இடைவெளியில் முன்னேறின, தொடக்க நிலையிலேயே கண்டறியப்பட்டவர்களின் பிழைப்புக் காலம் நீண்டதாகத் தோன்றுவதற்கு, அதைக் கண்டறிந்த நாளிலிருந்து கணக்கிடும் முறையும் ஒரு காரணம். அத்தனையையும் கழித்த பிறகும், பெண்கள் எந்தெந்தப் படியில் தவறிப்போகிறார்கள் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறொரு முயற்சியை நான் அறியேன்.

வழித்துணையாளர் செய்யும் வேலை என்ன? சந்தேகம் எழுந்த பெண்ணின் பெயரை ஏட்டில் எழுதி, மருத்துவமனையில் நாள் வாங்கி, அந்த நாளில் அவரோடு போய், எந்த அறைக்கு எந்தச் சீட்டு என்று காட்டி, திசுப் பரிசோதனை முடிவைத் தானே கேட்டு வாங்கி, அடுத்த நாளைக் குறித்து, வராமல் போனால் வீட்டுக்கே சென்று ஏன் என்று கேட்பது. காரணம் பெரும்பாலும் அறியாமையாக இராது. அன்றைய கூலி போய்விடும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, ஆண் மருத்துவர் முன் ஆடை களையக் கூச்சம், கணவர் சம்மதிக்கவில்லை, மருத்துவர் பேசும் மொழி புரியவில்லை, அடையாள ஆவணம் இல்லாததால் பயம் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. சக்கர நாற்காலியில் இருப்பவர் மேமோகிராம் கருவிக்கு முன் நிற்கவே முடியாமல் திரும்பியிருப்பார். இவற்றில் எதுவும் துண்டறிக்கையால் தீராது. பெரும்பாலானவை ஒருவர் உட்கார்ந்து கேட்டு, ஓரிரு தொலைபேசி அழைப்புகளில் தீர்த்துவிடக் கூடியவை. இதற்கு மருத்துவப் பட்டமும் தேவையில்லை. அதே சமூகத்தைச் சேர்ந்த, மருத்துவமனையின் நடைமுறைகளைக் கற்றுக்கொண்ட பெண்ணே போதும். ஆனால் சம்பளம் தர வேண்டும். தன்னார்வத் தொண்டர்களைக் கொண்டே ஓட்டிவிடலாம் என்று தொடங்கினால், இருப்பவர்களும் சில மாதங்களில் விலகிப்போக, பாதி வழியில் நிற்கும் பெண்களின் பட்டியல்தான் மிஞ்சும்.

இவ்வழிக்கும் எல்லை உண்டு. வழித்துணையாளர் அழைத்துச் செல்ல ஓர் இடம் இருக்க வேண்டும். அங்கே சிகிச்சைக்கான செலவை யாராவது ஏற்க வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றம் 1990இல் இயற்றிய சட்டம் காப்பீடு இல்லாத, வருமானம் குறைந்த பெண்களுக்கு மார்பக, கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் பணம் ஒதுக்கியது. அந்தத் திட்டத்தில் நோய் கண்டறியப்பட்டவர்களின் சிகிச்சைச் செலவை மாநிலங்கள் மருத்துவ உதவித் திட்டத்தின்கீழ் ஏற்க வழிசெய்யும் சட்டம் வந்தது 2000இல்தான். நடுவிலிருந்த பத்தாண்டுகளில் திட்டத்தை நடத்தியவர்கள் ஒவ்வொரு நோயாளிக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவரையும் மருத்துவமனையையும் தேட வேண்டியிருந்தது. வளம் மிக்க நாடே இந்த வரிசைத் தவறைச் செய்திருக்கும்போது, சிறிய அமைப்பொன்று அதிலிருந்து தப்பிவிடும் என்று எண்ணக்கூடாது.

ஆகவே என் தேர்வு இடத்துக்கு இடம் மாறும், ஆனால் அதைத் தீர்மானிக்கும் கேள்வி மாறாது: கண்டறிந்த பிறகு பெண் எங்கே போவார்? எட்டும் தொலைவில் மேமோகிராமும் சிகிச்சையும் உள்ள மருத்துவமனை இருந்தும் பெண்கள் வருவதில்லை என்றால், பணத்தின் பெரும்பகுதியை வழித்துணைக்கும், மீண்டெழுந்த பெண்களின் பேச்சுக்கும் ஒதுக்கலாம். வண்டி வாங்குவதற்கு அங்கே அவசியமே இல்லை. மருத்துவமனை இருந்தும் மேமோகிராம் இல்லை, ஆனால் அல்ட்ராசவுண்டும் திசுப் பரிசோதனையும் உண்டு என்றால், 50 வயதும் அதற்கு மேலும் ஆனோரிடம் தொடங்கி, கொள்திறனுக்குள் அடங்கும் வேகத்தில் கைப் பரிசோதனை செய்யலாம். பத்துப் பணியாளருக்கு ஒரு வழித்துணையாளராவது வேண்டும். திசுப் பரிசோதனை முடிவுக்கே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய இடத்தில், அறிகுறி இல்லாத பெண்களைத் தேடிப் போகவே கூடாது. அங்கே அறிகுறிகளைச் சொல்லித்தரும் கல்வியோடு நிறுத்திக்கொண்டு, மிச்சப் பணத்தை நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு ஒரு தொழில்நுட்பருக்கான சம்பளமாகக் கொடுப்பது நன்கொடையாளருக்கு மகிழ்ச்சி தராது என்றாலும், அதிகப் பெண்களைக் காப்பாற்றும். மேமோகிராம் வண்டி பொருந்துவது ஒரே சூழலில்தான்: மருத்துவமனை வலுவாக இருக்கிறது, தொலைவு மட்டுமே தடை, வண்டி இரண்டாண்டுக்கு ஒருமுறை தவறாமல் திரும்பி வரும் என்பதற்கு எழுத்துப்பூர்வமான உறுதி இருக்கிறது.

தம் இடம் இவற்றில் எது என்று தெரியாத அமைப்பு, எதையும் வாங்குவதற்கு முன் மருத்துவமனையின் அனுமதியோடு, அங்கே கடைசியாக மார்பகப் புற்றுநோய் உறுதிசெய்யப்பட்ட 20 பெண்களின் பாதையைப் பெயர் குறிக்காமல் எழுதிப் பார்க்கலாம். கட்டியை முதலில் உணர்ந்த நாள், முதல் மருத்துவரிடம் காட்டிய நாள், திசு எடுத்த நாள், முடிவு கைக்கு வந்த நாள், சிகிச்சை தொடங்கிய நாள் என ஐந்து தேதிகள் போதும். முதல் இரண்டுக்கும் நடுவே மாதங்கள் கழிந்திருந்தால் கல்விக்கும் கைப் பரிசோதனைக்கும், இரண்டாவதற்கும் நான்காவதற்கும் நடுவே என்றால் வழித்துணைக்கும் ஆய்வகத்துக்கும், கடைசி இரண்டுக்கும் நடுவே என்றால் சிகிச்சைக் கட்டணத்துக்கும் பயணப்படிக்கும் பணம் போக வேண்டும். இந்த வேலைக்கு ஒருவர் இரண்டு வாரம் உழைத்தால் போதும். வண்டியைப் பற்றிய விவாதத்தை அந்தத் தாள் மேசைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.